குதிரைக் காலுக்குப் பட்டை கட்டியது ஆர்? வேட்டை, லாயம், வெறுங்கால்

வேட்டைத் திருவிழா எண்டால் எங்கட ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. திருகோணமலையிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ, கொடியேறின கோயிலில ஒரு நாள் சாமி குதிரை வாகனத்தில ஏறி வேட்டைக்குப் போவார். அந்த மரக்குதிரைக்கு முன்னங்கால் ரெண்டும் ஆகாயத்தில நிற்கும். கழுத்தில மாலை, முதுகில பட்டு, கன வாகனங்களில் காலிலும் நகை செதுக்கியிருப்பார்கள். அது ஓடாத குதிரை. காலில அடிபடாது, முள்ளுக் குத்தாது, சேறு ஒட்டாது.

உண்மையாக வேட்டைக்கு ஓடின குதிரைகளின் கால் என்ன பாடுபட்டிருக்கும்? அந்தக் காலைப் பாதுகாக்க ஏதாவது கட்டினார்களா? கட்டுவது நல்லதா, கெட்டதா? இண்டைக்கும் குதிரை ஏறி வேட்டைக்குப் போகிற நாடுகளில் இது முடியாத வாக்குவாதம். எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. குதிரை எங்கட மண்ணில தோன்றிய சீவன் இல்லை, கப்பலில் வந்தது. துறைமுக ஊரில இருக்கிற எங்களுக்கு, கப்பலில் வந்த சாமானுக்கு ஆர் காசு குடுத்தது, ஆர் சுமந்தது, ஆர் கழுவித் துடைத்தது எண்ட கேள்விகள் புதுசில்லை.

முதலில் காலைப் பார்ப்போம்

குதிரையின் முன்னங்காலில் நாங்கள் முழங்கால் எண்டு நினைப்பது உண்மையில் அதின்ர மணிக்கட்டு. அதுக்குக் கீழே தசை கிட்டத்தட்ட இல்லை. எலும்பு, தசைநாண், மேலே மெல்லிய தோல், அவ்வளவுதான். 400, 500 கிலோ உடம்பு பாய்ந்து ஓடும்போது ஒரு கணம் முழுப் பாரமும் ஒற்றைக் காலில, அதுவும் ஒற்றை விரலில விழும். குளம்பு எண்டது அந்த விரலின் நகம். அதனால்தான் குதிரையின் உடம்பில வேறு எங்கேயும் பட்டால் ஆறும், கீழ்க்காலில பட்டால் ஆறுவது கஷ்டம்.

கிரேக்கரான செனபன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். குதிரை வாங்கப் போனால் முதலில் பாதத்தைப் பார் எண்டு அதில் சொல்கிறார். அத்திவாரம் சரியில்லாத வீட்டால் பயனில்லாதது போலத்தான் பாதம் சரியில்லாத போர்க்குதிரையும் எண்டது அவருடைய நியாயம். குளம்பு இறுகுவதற்காக லாய முற்றத்தில் கல் பரப்பச் சொல்கிறார். நெற்றிக்கும் மார்புக்கும் தொடைக்கும் கவசம் போடச் சொன்னவர், பாதத்துக்குச் சொன்ன வழி கல்லில் நின்று பழகுவதுதான்.

இப்ப பூட்ஸ் விசயத்துக்கு வருவோம். கட்ட வேண்டும் எண்டு சொல்கிறவர்களிடம் வலுவான காரணங்கள் இருக்கு. வேகமாக ஓடும் குதிரையின் பின்னங்குளம்பு முன்னங்காலின் பின்பக்கத்தை வெட்டிப்போடும். சில குதிரைகள் நடக்கும்போதே ஒரு கால் மற்றக் காலில் உரசும். வேலி, மதில், கம்பி எண்டு பாயும்போது கால் அடிபடும். லாடம் அடித்த குளம்பு எண்டால் வெட்டு இன்னும் ஆழம். தோலாலோ தடித்த துணியாலோ, இண்டைக்கு எண்டால் ரப்பராலும் வெல்க்ரோவாலும் செய்த ஒரு உறை அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

கட்டக்கூடாது எண்டு சொல்கிறவர்களின் காரணங்களும் லேசுப்பட்டவை இல்லை. வேட்டை எண்டது அரை மணித்தியால ஓட்டம் இல்லை, காலைமை துவங்கினால் பின்னேரம் வரைக்கும் போகும். சேறு, ஆறு, பற்றை எல்லாம் கடக்க வேணும். உறைக்கும் தோலுக்கும் நடுவில மணல் புகுந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது அரம் போலத் தேய்க்கும். உள்ளே முள்ளு முறிந்தால் வெளியே தெரியாது. நனைந்த உறை பாரமாகிக் கீழே சரியும், இறுக்கிக் கட்டினால் தசைநாணை நெரிக்கும். எல்லாத்துக்கும் மேலே சூடு. பாய்ந்து ஓடும் குதிரையின் தசைநாணுக்கு உள்ளே 45 பாகை செல்சியஸ் வரைக்கும் வெப்பம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அதுக்கு மேல ஒரு உறையைச் சுற்றினால் அந்தச் சூடு போக வழி குறையும். குளிர் நாட்டிலேயே இந்தக் கவலை எண்டால், எங்கட வெயிலுக்கு யோசித்துப் பாருங்கோ.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு நடுவழியைத்தான் சொல்கிறார்கள். தன் காலைத் தானே அடிக்கிற குதிரைக்குக் கட்டு. மற்றதுக்கு வேண்டாம். கட்டினால் வந்த உடனே கழற்று, கழுவு, காய விடு, கையால் தடவிப் பார். சூடு இருக்கா, வீக்கம் இருக்கா, முள்ளு இருக்கா எண்டு கை சொல்லும். அந்தக் கை ஆருடையது எண்டதுதான் இந்தக் கட்டுரையின் மிச்சம்.

பாண்டியரின் குதிரைகள் ஏன் செத்தன?

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியாக வந்ததைப் பட்டினப்பாலை காலத்திலிருந்தே அறிவோம். ஆனால் அந்த வியாபாரத்தின் உச்சம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம். மார்க்கோ போலோ அந்த நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையால் போனவர். அரசாண்ட ஐந்து சகோதரர்களில் ஒவ்வொருவரும் வருசத்துக்கு 2000 குதிரைகள் வாங்கினார்கள், வருச முடிவில் நூறுகூட மிஞ்சாது எண்டு எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு கணக்குச் சொல்கிறார். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து வருசத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் குதிரை செத்தாலும் அரசு கஜானாவே விலையைக் கட்டியாக வேணும்.

இந்த எண்களைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம், பயணிகள் பெருப்பித்துச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் ரெண்டு பேரும் ஒரே விசயத்தைச் சுட்டுகிறார்கள். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. நல்ல பெண்குதிரையும் நல்ல ஆண்குதிரையும் சேர்ந்தாலும் இங்கே பிறக்கும் குட்டிக்குக் கால் கோணல், ஏறி ஓட முடியாது எண்டு போலோ சொல்கிறார். வஸ்ஸாஃப் சாப்பாட்டைச் சொல்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியம், நெய், காய்ச்சின பால். 40 நாள் தறியில் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டுப் பிறகு பழக்கமே இல்லாமல் ஓட விடுவார்களாம். 40 நாள் அசையாமல் நின்ற குதிரையைத் திடீரென்று பாய விட்டால் முதலில் போவது கால்தான்.

போலோ சொல்கிற இன்னொரு விசயம்தான் மிகவும் உறைக்கிறது. குதிரை மருத்துவமும் லாடமும் தெரிந்த ஆட்களை வியாபாரிகள் கூட்டிவருவதில்லை. வேறு ஆரும் வரவும் விடுவதில்லை. ஏனெண்டால் குதிரை செத்தால்தான் அடுத்த வருசமும் விற்கலாம்.

இதை வாசிக்கும்போது நரியைப் பரியாக்கின கதை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. பாண்டியன் குதிரை வாங்கக் குடுத்த பணத்தை வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழிக்கிறார். சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைக் குதிரைகளாக்கி ஒப்படைக்கிறார். இரவு அவை நரிகளாக மாறி லாயத்தில் இருந்த உண்மையான குதிரைகளையும் கடித்துப்போட்டு ஓடுகின்றன. இந்தக் கதையில் கயிறு மாறுகிற ஒரு கட்டம் வரும். கயிறு கை மாறிவிட்டால் பிறகு விற்றவனுக்குப் பொறுப்பில்லை. பக்திக் கதையாகத்தான் இதை நாங்கள் கேட்டு வளர்ந்தோம், அது சரி. ஆனால் குதிரைச் சந்தையில் ஏமாந்த ஒரு சமூகத்தின் அனுபவமும் அதுக்குள்ளே கிடக்கிறது எண்டு எனக்குத் தோன்றுகிறது. பகலில் பொன் குடுத்து வாங்கின குதிரை விடியும்போது இல்லை. வியாபாரியையும் காணவில்லை.

திருச்சிக்குப் பக்கத்தில ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபம் இருக்கு. விஜயநகரக் காலத்து வேலை. தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலே பாயும் குதிரைகள், கீழே புலியோடு சண்டை. படத்தில் பார்த்தால் எல்லாரும் குதிரையையும் அதில் ஏறினவரையும்தான் பார்ப்போம். குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே பாருங்கோ. அங்கே நிலத்தில நிண்டுகொண்டு ஆயுதத்தோட மல்லுக்கட்டுகிற மனிதர்கள் இருப்பார்கள். சிற்பிக்கு அவர்களைத் தெரிந்திருக்கிறது.

இலங்கைக்கு வந்த கால்கள்

எங்கட தீவில் குதிரைக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு அரசியலோடயே துவங்குகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைப் பிடித்து 22 வருசம் ஆண்ட சேனனையும் குத்திகனையும் மகாவம்சம் குதிரை கொண்டுவந்த வணிகனின் மகன்மார் எண்டு சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் எழுதிய குறிப்பில், இலங்கை அரசன் பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை வாங்குவான், அவற்றைக் கொண்டுவருவோருக்குத் தீர்வை இல்லை எண்டு வருகிறது. யானை போகும், குதிரை வரும். யானைக்காரனுக்கு எங்கட மண்ணில பரம்பரை அறிவு இருந்தது. குதிரைக்கு அது குறைவாகவே இருந்தது.

பிறகு நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஒல்லாந்தர் காலம் வரைக்கும் அங்கே குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் துவக்கத்தில் ஆங்கிலேயருக்காக லெப்டினன்ட் நோலன் எண்ட ஐரிஷ்காரர் அந்தப் பண்ணையை நடத்தினார். லாயத்தின் இடிந்த தூண்கள் இண்டைக்கும் நிற்கின்றன. குதிரைகளும் நிற்கின்றன, கட்டாக்காலிகளாக. முருகைக்கல் தரையில லாடமும் இல்லாமல், பட்டையும் இல்லாமல் அவை ஓடித் திரிகின்றன. அவற்றைக் காட்டி, இயற்கையாக விட்டால் குதிரைக் காலுக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு சிலர் சொல்லலாம். பாதி உண்மை. ஆள் ஏறாத குதிரைக்கு, தன் விருப்பத்துக்கு நிற்கவும் நடக்கவும் முடிந்த குதிரைக்கு அது சரி. முதுகில ஒரு ஆளை ஏற்றி, அந்த ஆள் சொல்லும் வேகத்தில ஓடும் குதிரைக்கு அதே நியாயம் பொருந்தாது. வறட்சியில் தண்ணி இல்லாமல் அவை சாகிறதையும் நாங்கள் செய்தியில் பார்க்கிறோம். கவனிக்க ஆள் இல்லாமல் விடுவதை இயற்கை எண்டு சொல்லித் தப்ப முடியாது.

ஊட்டியில் நரி, நுவரெலியாவில் மரை

குதிரை ஏறி நாய்க் கூட்டத்தோடு வேட்டையாடும் ஆங்கிலப் பழக்கம் தமிழர் வாழும் நிலத்தில் ஆழமாக ஊன்றின இடம் நீலகிரி. 1840களின் நடுவிலிருந்து ஊட்டியில் அந்த வேட்டை நடந்தது. இங்கிலாந்து நரி கிடைக்காததால் எங்கட குள்ளநரியைத் துரத்தினார்கள். பரி நரியைத் துரத்தியது! வேட்டைக்கு ஒதுக்கின புல்மேடுகளுக்குச் சென்னை ஆளுநராக இருந்த வென்லக் பிரபுவின் பேர் வைத்தார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் அவை. ஊட்டி கிளப்பில் வேட்டைத் தலைவராக இருந்த கேணல் ஜேகோவின் பேரில் ஒரு அறையே இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் வெலிங்டனில் இருக்கும் படைக் கல்லூரி அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உயிருள்ள நரிக்குப் பதிலாக வாசனையை இழுத்துவிட்டு நாய்களை ஓடவிடும் முறைக்கு மாறினார்கள்.

சென்னை மாகாணத்தில் அப்ப ஓடின குதிரைகளில் கனக்க அரபுக் குதிரைகளும் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ‘வேலர்’ குதிரைகளும்தான். இதில் ஒரு விசயம் கவனியுங்கோ. இங்கிலாந்தில் கால் பூட்ஸ் தேவைப்படுவதுக்குச் சொல்லும் காரணம் வேலியும் மதிலும். நீலகிரிப் புல்மேட்டில் ஆபத்து வேறு. சதுப்பு, செங்குத்துச் சரிவு, புல்லுக்குள் மறைந்த குழி. சதுப்பில் புதைந்த காலை உறை காப்பாற்றாது, சேற்றை உள்ளே வைத்துக்கொள்ளத்தான் செய்யும். அதனால் பூட்ஸ் கட்டுவதா எண்ட கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு மாறும், நிலத்துக்கு நிலம் மாறும். புத்தகத்தில் படித்த துரைக்கு இது உடனே தெரியாது. அந்த நிலத்தில தினமும் நடக்கிறவருக்குத் தெரியும்.

இலங்கையில் சாமுவேல் பேக்கரின் கதை கொஞ்சம் வித்தியாசம். 1848இல் நுவரெலியாவில் ஒரு ஆங்கிலக் குடியேற்றத்தைத் துவங்கினார். இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்கள் முதற்கொண்டு கப்பலில் கொண்டுவந்தார். அவருடைய மரை வேட்டை பெரும்பாலும் கால்நடையாகத்தான். மலையும் காடும் குதிரைக்கு இடம் குடுக்கவில்லை. நாய்கள் மறித்து வைத்த மரையைக் கத்தியோடு போய்க் குத்துவார். மலைப்பாதையில் அவர் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் விழுந்து ஒரு குதிரை செத்த சம்பவத்தை 1855இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். வண்டியை ஓட்டினது இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த குதிரைக்காரர். அதே ஆள் ஒரு யானையை மலை ஏற்றத்தில் விரட்டி ஓட்டி, அதுவும் செத்துப்போனது. பேக்கர் இதைப் பகிடியாகச் சொல்கிறார். எனக்குப் படும் விசயம் வேறு. அந்த ஆளுக்குக் குதிரை தெரியும், இந்தப் பாதை தெரியாது. அனுபவம் நிலத்தோடு ஒட்டினது.

கூட ஓடினவர்கள்

சென்னையிலும் இலங்கையிலும் துரைமாரின் லாயங்களில் ஒரு வழக்கம் இருந்தது. குதிரைக்கு ஒரு குதிரைக்காரர். புல்லு வெட்ட இன்னொரு ஆள், சென்னைப் பக்கத்தில் அது அனேகமாகக் குதிரைக்காரரின் மனுசி. துரை குதிரையில் போனால் குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடுவார், சிலவேளை வாலைப் பிடித்துக்கொண்டு. அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகளில் இது சர்வசாதாரணம். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடிக்க ஆள் தயாராக நிற்க வேணும், அதுக்காக.

குதிரைக்கு லாடம் இருந்தது. துரைக்கு முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ் இருந்தது. நடுவில் ஓடினவரின் காலில் ஒண்டும் இல்லை.

பேக்கர் நுவரெலியாவில் வேட்டையாடின அதே வருசங்களில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தது. கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பாண்டியரின் குதிரை செத்தால் கஜானா விலை கட்டினது. இந்தச் சனம் வழியில் செத்தால் ஆரும் விலை கட்டவேண்டியிருக்கவில்லை.

“மனிசருக்கே செருப்பில்லாத வரலாற்றில் குதிரைக்குப் பூட்ஸ் தேவையா எண்டு எழுதுவது நியாயமா?” எண்டு கம்பஸில் ஒரு நண்பி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் இதை ரெண்டாகப் பிரித்து, குதிரைக்கு இரங்குகிறவர் மனிசரை மறந்தவர் எண்டு முடிவெடுத்தால் ஒரு விசயத்தைத் தவறவிடுவோம். லாயத்தில் குதிரையின் காலும் குதிரைக்காரரின் காலும் ஒரே கணக்கில்தான் இருந்தன. ரெண்டும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் ஓட வேண்டும் எண்டு தீர்மானித்தவர் ஒருவர்தான். அந்தக் காலைக் கழுவாத ஒருவர்.

பின்னேரம் குதிரை திரும்பி வந்தால் காலைத் தடவிப் பார்த்தது குதிரைக்காரர். எந்தக் கால் சூடு, எந்தக் குதிரை தன் காலைத் தானே வெட்டுது, எதுக்கு உறை கட்டினால் தோல் உரியும் எண்டு அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். ஆனால் வேட்டை பற்றி நூல் எழுதினவர் அவர் இல்லை. அவருடைய பேச்சு அந்த நூல்களில் வந்தால், துரைக்குச் சிரிப்பு மூட்டும் கொச்சை மொழியாகத்தான் வரும். குதிரைகளின் பேரும் நாய்களின் பேரும் அச்சில் இருக்கு. இந்த ஆட்களில் கனபேரின் பேர் இல்லை.

தமிழில் குதிரை அறிவே இருக்கவில்லை எண்டும் சொல்ல முடியாது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் படங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடிகள் இருக்கு. சுழி பார்த்துக் குதிரை வாங்கும் வழக்கம் இருந்தது. எந்த இடத்தில் சுழி இருந்தால் எசமானுக்கு ஆகும், ஆகாது எண்டு விரிவான கணக்கு இருந்தது. அதில் முக்கியமாகக் கேட்கப்படுவது ‘இந்தக் குதிரையால் எனக்கு என்ன வரும்?’ எண்டது. ‘இந்தக் குதிரைக்கு என்ன வேணும்?’ எண்ட கேள்விக்கான பதில்களில் கனக்க எழுத்துக்கு வரவில்லை. வாயோடயும் கையோடயும் இருந்து, லாயம் மூடின அண்டோட போயிட்டுது.

அப்ப கட்டுறதா, விடுறதா?

என்னட்டக் கேட்டால், வேட்டைக்கே போகாதேங்கோ எண்டுதான் முதலில் சொல்லுவன். நரியையும் மரையையும் துரத்திக் கொல்லுறதுக்கு ஒரு குதிரையின் காலைப் பணயம் வைக்கிறதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. வாசனையைத் துரத்தி ஓடுகிற விளையாட்டு, நீண்டதூரச் சவாரி, கடற்கரைச் சவாரி எண்டு குதிரை ஓடத்தான் போகுது எண்டால் விடை இதுதான். எல்லாக் குதிரைக்கும் ஒரே சட்டம் போடக்கூடாது. காலை அடிக்கிற குதிரைக்குக் கட்டுங்கோ. சேறும் முள்ளும் வெயிலும் உள்ள இடத்தில் மற்றதுகளுக்குக் கட்டாதேங்கோ. கட்டினது எண்டால் வந்த உடனே கழற்றிக் கழுவுங்கோ. முடிவை, குதிரையில் ஏறுகிறவரிடம் மட்டும் விடாமல், அந்தக் காலைத் தினமும் கையால் தொடுகிறவரிடம் கேட்டு எடுங்கோ.

பாண்டியர் காசு குறைவாகக் குடுத்து அந்தக் குதிரைகளை இழக்கவில்லை. ஒரு குதிரைக்கு 220 தினார் குடுத்தார்கள். தெரிந்த ஆளை வைத்திருக்காததாலும், அந்த அறிவை வைத்திருந்தவனின் லாபம் குதிரையின் சாவில் இருந்ததாலும்தான் இழந்தார்கள். சாமான் வாங்குவது லேசு, கவனிக்கத் தெரிந்தவருக்கு மதிப்புக் குடுப்பதுதான் கஷ்டம்.

இது குதிரையோடு முடிகிற கதையும் இல்லை. எங்கட துறைமுகப் பக்கத்தில சுமை இறக்குகிற, இரும்பு வெட்டுகிற, கட்டடத்தில ஏறுகிற எத்தினையோ பேருக்கு எந்தப் பூட்ஸ், எந்தக் கையுறை, எவ்வளவு நேரம் எண்டதை இன்னமும் வேறு ஆரோதான் முடிவெடுக்கினம். சூட்டுக்குப் பொருந்தாத பூட்ஸைக் குடுத்துவிட்டு, போடாமல் விட்டால் தொழிலாளியில் பிழை சொல்வதும் நடக்குது. போட்டுக்கொண்டு நிற்கிறவரின் கால் கொப்புளத்தை ஆராவது பார்த்தார்களா எண்டு கேட்க ஆள் இல்லை.

அடுத்தமுறை வேட்டைத் திருவிழாவுக்குப் போனால் குதிரை வாகனத்தின் காலை ஒருக்கால் பாருங்கோ. பிறகு அதுக்குக் கீழே கொம்பைத் தோளில் வைத்து, சுடுமணலில வெறுங்காலோட நடக்கிறவர்களையும் பாருங்கோ. அவர்கள் விரும்பி, நேர்த்தி வைத்து நடக்கிறவர்கள், துரைக்குப் பின்னால் ஓட்டப்பட்டவர்கள் இல்லை. அந்த வித்தியாசம் பெரிசு. ஓடச் சொல்லப்பட்டவர்களின் வரலாற்றை எழுதும்போது அவர்களின் காலிலிருந்து துவங்குவது நல்லது எண்டு நினைக்கிறன்.